கியூபாவின் கறுப்புப் பயற்றுச் சோறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அந்நாட்டின் போர்களையும் அரசர்களையும் பற்றிய நூல்களையே நாடுகின்றனர். அந்நாட்டு மக்கள் நாள்தோறும் உண்ணும் சோற்றுப் பானையை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும், அரசர்கள் மறைந்து, கொடிகள் மாறி, எல்லைகள் அழிந்த பின்னரும் பானை மட்டும் அடுப்பின்மீதே இருக்கிறது. அதனுள் வேகும் பொருள்களைக் கூர்ந்து நோக்கினால், நூல்கள் சொல்லாமல் விட்ட செய்திகள் சில அங்கே கிடைக்கக்கூடும்.

அத்தகைய பானை ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். மேற்கிந்தியத் தீவுகளுள் மிகப் பெரியது கியூபா. அங்கே கறுப்பு நிறப் பயற்றையும் வெள்ளரிசியையும் ஒரே பானையில் சேர்த்துச் சமைக்கின்றனர். ஏழை வீட்டில் அதுவே முழு உணவு. செல்வர் வீட்டிலும் விருந்து நாளில் அதற்கு ஓர் இடம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் குடும்பத்தார் அனைவரும் கூடி உண்ணும்போது, இச்சோறு இல்லாத பந்தியைக் காண்பது அரிது.

அரிசியும் பயறும் சேர்ந்த உணவு நமக்குப் புதிதா என்று நேயர்கள் கேட்கலாம். பொங்கலும் கிச்சடியும் உண்டு வளர்ந்தவர்கள் அவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆனால், இதன் செய்முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இதன் பெயரில் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலில் பெயரைப் பார்ப்போம். பின்னர் அடுப்பை மூட்டுவோம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய பொருளொன்றைக் கண்டால், அதன் சுவையை அறியுமுன் அதன் பெயரை அறிய முற்படுவோம். கியூபாவில் வழங்குவது ஸ்பானிய மொழி. அம்மொழியில் இப்பயற்றுக்கு ‘ஃபிரிஹோல் நெக்ரோ’ என்று பெயர். நெக்ரோ என்பது கறுப்பு. ஃபிரிஹோல் என்பதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? அவரை என்று சொன்னால், நம் வேலியில் படரும் அவரை வேறொரு கொடி. கறுப்புப் பயறு என்று கடையில் கேட்டால், தோல் நீக்காத உளுந்தை நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். காராமணி என்று கேட்டால், ஆப்பிரிக்காவில் தோன்றிய தட்டைப்பயறு வந்துசேரும். 

தாவரநூல் வல்லார் இச்சிக்கலை எளிதில் தீர்த்துவிடுகின்றனர். பீன்ஸ் என்ற பெயரில் நாம் பச்சையாக வாங்கிப் பொரியல் செய்கிறோமே, அதே செடியினத்தின் முற்றிய விதைதான் இது. டில்லியிலும் பஞ்சாபிலும் இமயமலைச் சாரலிலும் ராஜ்மா என்று வழங்குவதும் அந்த இனமே. நிறமும் அளவுமே வேறு. மெக்சிகோ முதலிய நடு அமெரிக்கப் பகுதிகளிலும், தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மக்கள் இதைத் தனித்தனியே பயிராக்கினர். 1492-க்குப் பின்னரே அது கடல் கடந்து பிற கண்டங்களை அடைந்தது. அவ்வாறு வந்த விருந்தாளி நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு ஒரு சான்று கூறலாம்: ஜம்முவைச் சேர்ந்த பதர்வா ராஜ்மாவுக்கு 2023-இல் புவிசார் குறியீடே வழங்கப்பட்டது. ஆகவே, கடையில் நாம் கேட்கவேண்டிய பெயர் ‘கறுப்பு ராஜ்மா’. இப்பேச்சில் அதைக் கறுப்புப் பயறு என்றே சொல்லிச் செல்வோம்.

பயற்றின் பெயர் இவ்வாறு தெளிவாயிற்று. சோற்றின் பெயரோ இன்னும் சுவையானது. கியூபாவின் மேற்குப் பகுதியில், தலைநகரான ஹவானாவைச் சூழ்ந்த இடங்களில், இச்சோற்றை ‘மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்’ என்கின்றனர். ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்பது அதன் பொருள். வட ஆப்பிரிக்காவிலிருந்து 711-இல் கடல் கடந்து ஸ்பெயினில் புகுந்த முஸ்லிம்களை ஸ்பானியர் மூர்கள் என்று அழைத்தனர். அவர்களுக்கும் கிறிஸ்தவ அரசர்களுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் போரும் உறவும் மாறிமாறி நிகழ்ந்தன. 1492 ஜனவரி 2-ஆம் நாள், மூர்களின் கடைசிக் கோட்டையாகிய கிரானடா நகரம் பணிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கொலம்பஸ் கியூபாவின் கரையை அடைந்தார். ஸ்பெயினில் அல்கோய் முதலிய ஊர்களில், இப்போரை நினைவூட்டும் வேடப்போர் விழாக்கள் இதே பெயரில் இன்றும் நடைபெறுகின்றன.

கியூபாவில் குடியேறிய ஸ்பானியரின் கண்ணுக்குக் கறுப்புப் பயறு மூராகவும், வெள்ளரிசி கிறிஸ்தவனாகவும் தோன்றின. பழைய போர்க்களத்தின் பெயர் சோற்றுப் பானைக்கு வந்துசேர்ந்தது. ஆனால், அப்பெயரை இட்டவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு உவமையாகச் சொல்லப்பட்ட அந்த வெள்ளரிசியை ஸ்பெயினின் வயல்களில் விளையச் செய்தவர்களே மூர்கள்தாம். அரிசியைக் குறிக்கும் ‘அரோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லும் அரபு மொழியிலிருந்து வந்ததே. பானையில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவரும் முன்பே உறவினராய் இருந்தவர்கள்.

கியூபாவின் கிழக்குப் பகுதிக்குச் சென்றால் இச்சோற்றின் பெயர் மாறிவிடுகிறது. அங்கே சிவப்புப் பயற்றைக்கொண்டு இதைச் சமைக்கின்றனர், ‘கொங்கிரி’ என்கின்றனர். கியூபாவின் பண்பாட்டை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அறிஞர் ஃபெர்நாந்தோ ஓர்த்திஸ் (1881–1969) இச்சொல்லின் பிறப்பை விளக்கியுள்ளார். கிழக்கே அண்டையில் இருப்பது ஹைத்தி. அங்கே 1791-இல் தொடங்கிய அடிமைகளின் புரட்சி 1804-இல் விடுதலையாக முடிந்தது. அப்போது பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் பலர், தம் அடிமைகளையும் உடன்கொண்டு, கியூபாவின் கிழக்குக் கரைக்கு ஓடிவந்தனர். அந்த அடிமைகள் தம் பேச்சில் பயற்றைக் ‘கோங்கோ’ என்றனர். அரிசிக்குப் பிரெஞ்சுச் சொல் ‘ரி’. கோங்கோவும் ரியும் சேர்ந்து கொங்கிரி ஆயிற்று என்பது ஓர்த்திஸின் விளக்கம்.

இங்கே நமக்கும் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. ஹைத்தி மக்களின் பேச்சில் ‘ப்வா கோங்கோ’ என்றால் இன்றும் பொருள் என்ன தெரியுமா? நம் துவரை! இந்திய மண்ணில் பயிராகத் தொடங்கிய துவரை, ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்கிருந்து அடிமைக் கப்பல்கள் ஓடிய காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது. போகும் வழியில் தன் பிறந்த ஊரின் பெயரை இழந்து, கோங்கோ நாட்டின் பெயரைச் சூடிக்கொண்டது.

இரு பெயர்களையும் பார்த்தோம். ஒன்று வெற்றி பெற்ற அரசுகளின் போரை நினைவூட்டுகிறது. மற்றொன்று அடிமைகளின் பேச்சிலிருந்து பிறந்தது. ஆனால், மேற்கானாலும் கிழக்கானாலும், அந்த அடுப்பின்முன் நின்று சமைத்தவர்கள் யார் என்று கேட்கவேண்டும்.

கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டுக் கியூபாவுக்குக் கொண்டுவந்தனர். 1842-இல் ஸ்பானிய ஆட்சியினர் பிறப்பித்த அடிமைச் சட்டம் ஒன்று உண்டு. வயலில் உழைக்கும் ஓர் அடிமைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 வாழைக்காய் அல்லது அதற்கீடான கிழங்கு, 8 அவுன்ஸ் இறைச்சி அல்லது உப்பிட்ட மீன், 4 அவுன்ஸ் அரிசி அல்லது வேறு தானியம் என்று அது கணக்கிட்டது. 4 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 115 கிராம். விடியுமுன் எழுந்து, இரவில் ஆலையின் வெப்பத்தில் நின்று உழைக்கும் உடலுக்கு ஏட்டில் எழுதிய அளவு அவ்வளவே. ஏட்டில் உள்ளதெல்லாம் தட்டுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. குறையை நிரப்ப அம்மக்கள் தமக்கு விடப்பட்ட சிறு நிலத்துண்டில் கிழங்கும் சோளமும் பயறும் விளைவித்தனர். அந்நிலத்துண்டுக்குக் ‘கொனுக்கோ’ என்று பெயர்.

1847 முதல் சீனத் தொழிலாளரும் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கினர். எட்டாண்டு ஒப்பந்தம், பெயரளவில் கூலி, நடைமுறையில் அடிமை. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு வந்தனர். அவர்களும் அரிசி உண்ணும் மக்களே. அடிமை முறை கியூபாவில் சட்டப்படி ஒழிந்தது 1886-இல்தான். ஆகவே, பயறு அமெரிக்க மண்ணின் கொடை. அரிசி ஆசியாவிலிருந்து அரபு நாடுகள் வழியாகவும் ஸ்பெயின் வழியாகவும் வந்த செல்வம். கைகளோ பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கைகள். வேறுபட்ட பண்பாடுகள் இவ்வாறு கொடுத்தும் கொண்டும் இழந்தும் புதியதொன்றாக மாறுவதைக் குறிக்க, ஓர்த்திஸ் 1940-இல் தம் நூலொன்றில் ஒரு புதுச் சொல்லையே படைத்தார். அச்சொல்லுக்கு நாம் எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும், இந்தச் சோற்றுப் பானையைப் போல் அதை விளக்கிவிட முடியாது.

பெயரை இட்டவர்கள் ஒரு சாரார். முறையை வகுத்தவர்கள் மற்றொரு சாரார். பெயரில் சமைத்தவர்களின் அடையாளம் சிறிதே. ஆனால், செய்முறையில் அவர்கள் முழுவதும் இருக்கின்றனர். அச்செய்முறையின் உயிர்நிலை இதுவே: பயறு வெந்த கறுப்பு நீரைக் கொட்டிவிடாமல், அந்நீரிலேயே அரிசியை வேகவைப்பது. ஒன்றையும் வீணாக்க இயலாத ஏழைக் கைகள் கண்டறிந்த முறை அது. பயற்றின் சாரமெல்லாம் அரிசிக்குள் இறங்கி, அரிசி கருஞ்செந்நிறம் பெற்று, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே நிற்கும். பயற்றுக் குழம்பைத் தனியே வைத்து, வெள்ளைச் சோற்றின்மீது ஊற்றி உண்பதும் கியூபாவில் உண்டு. ஆனால், நாம் சொல்லும் சோறு வேறு. பானையில் கலந்தால்தான் அதற்கு அப்பெயர்.

கியூபாவின் அண்மைக்கால வரலாற்றிலும் இப்பானைக்குப் பங்கு உண்டு. 1962 பிப்ரவரியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கியூபாவுடன் வாணிகத்தைத் தடைசெய்தன. அடுத்த மாதமே அந்நாட்டில் பங்கீட்டு முறை வந்தது. குடும்பத்துக்கு ஒரு சிறு புத்தகம். அதில் குறித்த அளவே அரிசி, பயறு, எண்ணெய், சர்க்கரை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அங்கிருந்து வந்த உதவியும் நின்றது. பெரும் பஞ்சநிலை தோன்றியது. 2020-க்குப் பின்னரும் அந்நாடு கடுமையான தட்டுப்பாட்டைக் கண்டிருக்கிறது. 

இந்த ஏற்ற இறக்கங்களில், நித்சா வில்யபோல் என்னும் அம்மையார் (1923–1998) கியூபாவின் தொலைக்காட்சியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சமையல் கற்பித்துவந்தார். ‘நிமிடச் சமையல்’ என்பது அவர் நிகழ்ச்சியின் பெயருக்கு நேரான தமிழ். தட்டுப்பாடு வந்தபோது அவர் தம் முறையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார். இன்ன உணவுக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று தொடங்குவதை விடுத்து, இருக்கும் பொருள்களைக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று தொடங்கினார். மாதக் கடைசி வாரத்தில் நம் இல்லங்களில் எழும் கேள்வியும் அதுவே அன்றோ? மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் அனைத்துக்கும் அவ்வம்மையார் ஒருவகையில் ஆசிரியரே.

இனி அடுப்பை மூட்டுவோம். எழுதிக்கொள்ள விரும்புவோர் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கான அளவு இது. கறுப்பு ராஜ்மா 200 கிராம், அதாவது ஒரு குவளை. பச்சரிசி 400 கிராம், அதாவது இரண்டு குவளை. பெரிய வெங்காயம் 1. பச்சைக் குடைமிளகாய் 1. பூண்டு 6 பல். சீரகப்பொடி ஒரு தேக்கரண்டி. பிரிஞ்சி இலை 1. எண்ணெய் 4 மேசைக்கரண்டி. வினிகர் அல்லது எலுமிச்சஞ்சாறு ஒரு மேசைக்கரண்டி. உப்பு வேண்டிய அளவு. சர்க்கரை ஒரு சிட்டிகை.

கறுப்பு ராஜ்மா கிடைக்காத ஊரில் சிறிய சிவப்பு ராஜ்மாவைப் பயன்படுத்தலாம். அது போலி ஆகாது. கிழக்குக் கியூபாவின் கொங்கிரி ஆகிவிடும். கியூபாவில் பலரும் பன்றிக் கொழுப்பையும் இறைச்சித் துண்டுகளையும் சேர்ப்பர். உண்ணாதோர் அதை விடுத்துக் கடலையெண்ணெயில் சமைத்தாலும் சோற்றின் இயல்பு கெடாது.

மணத்துக்காக அவர்கள் சேர்க்கும் ஒரு தழையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒரேகானோ என்ற உலர்ந்த இலை இந்நாளில் நகரக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால், கியூபாவின் வீட்டுத் தோட்டங்களில் அப்பெயரில் வளரும் மற்றொரு செடி உண்டு. தடித்த, மெல்லிய மயிர் படர்ந்த, கிள்ளினால் கை மணக்கும் இலை. ஆங்கிலேயர் அதைக் கியூப ஒரேகானோ என்றே குறிப்பிடுகின்றனர். அச்செடி நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவல்லியே! குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் மட்டும் நாம் தேடும் அவ்விலையில் மூன்றை நறுக்கி இச்சோற்றில் சேர்த்தால், நெடுந்தொலைவில் உள்ள அடுக்களையின் மணம் நம் அடுக்களையில் எழும்.

முதல் நாள் இரவே பயற்றைக் கழுவி, மூன்று பங்கு நீரில் ஊறவிடுக. எட்டு மணி நேரமேனும் ஊறவேண்டும். காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஐந்து குவளை ஊற்றி, பிரிஞ்சி இலையும் பாதிக் குடைமிளகாயும் சேர்த்து அடுப்பில் ஏற்றுக. ஊறிய நீரைக் கொட்டினால் நிறம் போய்விடுமோ என்று அஞ்சவேண்டா. வேகும்போது வெளிப்படும் நிறமே போதுமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேயர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. ராஜ்மா இனத்துப் பயறுகளில் லெக்டின் என்னும் ஒருவகைப் புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் அது மிகுதி, கறுப்பில் குறைவு, ஆயினும் இரண்டுக்கும் விதி ஒன்றே. சரியாக வேகாத சிவப்பு விதைகள் நான்கைந்து உண்டாலே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகக்கூடும். நன்றாகக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடமேனும் கிடந்தால் அந்நஞ்சு அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பதோ தீங்கை மிகுதியாக்கும். ஆகவே, மெதுவாய்ச் சமைக்கும் மின்பானையையும் சூடாறாப் பாத்திரத்தையும் பயன்படுத்துவோர், முதலில் பயற்றைத் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே அவற்றில் இடவேண்டும்.

பத்து நிமிடம் கொதித்து நுரை நீங்கியபின், அழுத்தக் குக்கரை மூடி, அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து, 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். திறந்த பானையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். விரலிடையே நசுக்கினால் பயறு மசியவேண்டும். ஆனால், தோல் வெடித்துக் குழைந்திருக்கலாகாது. பழைய பயறும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் வேகும் நேரத்தை நீட்டும். புளிப்புப் பொருளும் அவ்வாறே தோலை இறுக்கிவிடும். வினிகரைக் கடைசியில் சேர்ப்பதன் காரணம் அதுதான்.

வெந்த பயற்றை வடித்து, வடிநீரைத் தனியே வைத்துக்கொள்க. அந்நீரே இச்சோற்றின் செல்வம். இப்போது அடிகனமான பானையில் எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் எஞ்சிய குடைமிளகாயையும் இட்டு, சிறு தீயில் வதக்குக. பின்னர் நசுக்கிய பூண்டு, சீரகப்பொடி, கற்பூரவல்லி. இவ்வதக்கலுக்கு ஸ்பானிய மொழியில் ‘சோஃப்ரித்தோ’ என்று பெயர். இதைத் தாளிதம் என்று மொழிபெயர்த்தால் கருத்து மாறிவிடும். தாளிதம் நொடிப்பொழுதில் வெடித்து முடிவது. சோஃப்ரித்தோ பத்து நிமிடம் பொறுமையாகக் குழைவது. வெங்காயம் சிவந்து கருகலாகாது; கண்ணாடி போலாகி இனிப்பு மணம் எழவேண்டும்.

அதன்மேல் வடித்த பயற்றை இட்டு ஒரு முறை கிளறுக. கழுவி வடித்த அரிசியையும் இட்டு, ஒவ்வொரு பருக்கையிலும் எண்ணெய் படியுமாறு இரண்டு நிமிடம் புரட்டுக. பின்னர்க் கறுப்பு வடிநீரை மூன்றரைக் குவளை அளந்து ஊற்றுக. நீர் குறைந்தால் வெந்நீர் சேர்த்து நிரப்பலாம். புது அரிசிக்குச் சற்றே குறைவும், பழைய அரிசிக்கு அரைக் குவளை மிகுதியும் வேண்டியிருக்கும். உப்பு, சர்க்கரை, வினிகர் மூன்றையும் இப்போது சேர்க்கலாம். நீரை நாவில் இட்டுப் பார்த்தால் உப்பு ஒரு மாற்று மிகுந்திருப்பது நலம். அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

நன்கு கொதித்து, நீர் அரிசியின் மட்டத்துக்கு இறங்கி, மேற்பரப்பில் சிறு சிறு குழிகள் தோன்றும்போது, தீயை மிகக் குறைத்து, இறுக மூடி, 18 முதல் 20 நிமிடம் விட்டுவிடுக. இடையில் திறக்கவும் கிளறவும் வேண்டா. அடுப்பை அணைத்தபின் மேலும் பத்து நிமிடம் மூடியபடியே இருக்கட்டும். பின்னர் முள்கரண்டியால் மெல்லக் கிளறினால், பயறு உடையாமல் சோறு உதிர்ந்து வரும்.

இச்சோற்றில் மிளகாய்க் காரம் இல்லை. கியூபாவின் சமையலில் காரம் மிகக் குறைவு. காரத்துக்குப் பழகிய நாக்கு முதல் கவளத்தில் சற்றுத் திகைக்கும். அருகில் ஊறுகாய் இருந்தால் அமைதி பெறும். எம் இல்லத்தில் முதன்முறை இதைச் சமைத்தபோது, சோற்றின் கருநிறத்தைக் கண்டு சிறுவர்கள் தயங்கினர். நன்கு பழுத்த நேந்திரம்பழத்தைத் துண்டுகளாக்கி எண்ணெயில் வாட்டி அருகில் வைத்தோம். கியூபாவிலும் அதுவே வழக்கம். உப்பும் புளிப்பும் கொண்ட சோற்றோடு அந்த இனிப்புச் சேர்ந்ததும் தயக்கம் தீர்ந்தது. மறுமுறை பரிமாறப் பானையில் மிச்சம் இல்லை.

மிச்சம் இருந்தால் அதற்கும் ஒரு விதி உண்டு. சமைத்த சோற்றை அறைச்சூட்டில் நெடுநேரம் விட்டுவைத்தால், வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகும். திரும்பச் சூடாக்கினாலும் அவை விளைவித்த நஞ்சு முழுவதும் நீங்குவதில்லை. ஆகவே, ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் கொதிக்கும் சூட்டில் சூடாக்கி உண்க.

உடலுக்கு இது தரும் நன்மையையும் சொல்லிவிடுவோம். உலர்ந்த கறுப்புப் பயற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 21 கிராம் புரதம் உண்டு. அரிசியில் சுமார் 7 கிராம். தொகையைவிடத் தன்மை முக்கியம். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்களுள் லைசின் என்பது அரிசியில் குறைவு, பயற்றில் மிகுதி. மெத்தியோனின் என்பது பயற்றில் குறைவு, அரிசியில் போதிய அளவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் உண்டே தீரவேண்டும் என்று முன்பு கருதினர். ஒரே நாளில் உண்டாலும் போதும் என்பது இன்றைய அறிவு. பயற்றில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உயிர்ச்சத்து ‘சி’ துணைசெய்யும். ஆகவே, உண்ணும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது சுவைக்கு மட்டுமின்றி நலத்துக்கும் ஏற்றது. இறைச்சி வாங்க இயலாத வீட்டிலும், இறைச்சி உண்ணாத வீட்டிலும், வளரும் பிள்ளைக்கு நிறைவான உணவு தரமுடியும் என்பதற்கு இப்பானை சான்று. ஆய்வுக்கூடங்கள் இதை அளந்து சொல்லுமுன்னரே, கரும்புத் தோட்டத்து மக்கள் தம் உடலால் அறிந்திருந்தனர்.

இறுதியாக, மொழிபெயர்ப்பாளருக்குரிய ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. இச்சோற்றுக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், முடிந்துபோன ஒரு போரை நம் இலையில் பரிமாறியவர்கள் ஆவோம். கொங்கிரி என்றே விட்டுவிட்டால் கேட்போருக்குப் பொருள் விளங்காது. ஆகவேதான், இப்பேச்சின் தலைப்பில் ‘கறுப்புப் பயற்றுச் சோறு’ என்று எழுதினோம். எளிய பெயர்தான். அதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. சமைத்தவர்கள் பானையில் எவற்றை இட்டார்களோ அவை மட்டுமே இருக்கின்றன.

பெயரில் இடம்பெறாத அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. இச்சோற்றைச் சமைக்கும் நாளில், பயறு வெந்த அந்தக் கறுப்பு நீரில் ஒரு துளியையும் வீணாக்காமல் அரிசியில் ஊற்றுவதே அது.